ஜெயித்தது யார்?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர் குவாட்டர்பேக்; அணியின் வெற்றி தோல்வியை அவர் பெயரில்தான் எழுதுவார்கள். யார் சிறந்த குவாட்டர்பேக் என்ற வாதம் சூடுபிடித்தால் "கடைசியில் ஜெயித்தாரா இல்லையா?" என்று ஒருவர் வாயை அடைத்துவிடுவார். நான் அடங்குவதில்லை. டென்வர் பிராங்கோஸ் அணியைக் காட்டுவேன்.

2015 பருவத்தில் அதன் குவாட்டர்பேக் பெய்டன் மேனிங் வீசிய டச்டவுன் பாஸ்கள் (எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தருபவை) 9. எதிரணியிடம் பறிகொடுத்தவை 17. ஆனாலும் இறுதிப்போட்டியான சூப்பர் பவுல் 50இன் வெற்றி அவர் கணக்கில்தான் ஏறியது. அந்த ஆட்டத்தை மறுபடி பாருங்கள். மேனிங் வீச்சில் வந்தது வெறும் 141 யார்டு. பிராங்கோஸின் தடுப்பு வீரர் வான் மில்லர், எதிரணி குவாட்டர்பேக் கேம் நியூட்டனின் கையிலிருந்து இரண்டு முறை பந்தைத் தட்டிவிட்டார். முதலாவது அங்கேயே டச்டவுன். இரண்டாவது, அணியை டச்டவுன் கோட்டுக்கு நாலு யார்டு தூரத்தில் கொண்டுபோய் விட்டது. ஆட்ட நாயகன் விருதும் மில்லருக்கே. ஆனால் தடுப்பு வீரருக்கு வெற்றி தோல்விக் கணக்கு எழுதுவார் யாருமில்லை!

மேனிங்குக்கு முன் அங்கே குவாட்டர்பேக்காக இருந்த டிம் டீபோ கதை இன்னும் வேடிக்கை. 2011இல் அவர் வீசியதில் பாதிகூடச் சக வீரர் கைக்குப் போய்ச் சேரவில்லை; அணியோ தொடர்ந்து ஆறு ஆட்டம் ஜெயித்தது. நாக்அவுட் சுற்றான பிளேஆஃபில் ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தின் முதல் வீச்சிலேயே டிமேரியஸ் தாமஸுக்கு 80 யார்டு டச்டவுன். நானும் துள்ளிக் குதித்தேன், மறுக்கவில்லை. சில மாதங்களில் அதே அணி மேனிங்கை அழைத்துவந்து, டீபோவை ஜெட்ஸ் அணிக்கு அனுப்பிவிட்டது. வெற்றியை நேரில் அனுபவித்தவர்களே அதை நம்பவில்லை. என்னை மட்டும் ஏன் நம்பச் சொல்கிறார்கள்?