காட்டு ஒலிப்பதிவில் இரைச்சல்: மைக் தேர்வு முதல் மரத்தடி வரை

பதிவைக் கேட்கும்போது பறவைக் குரலுக்குப் பின்னால் 'ஸ்ஸ்ஸ்' என்று ஓர் இரைச்சல் விடாமல் ஓடினால், பலரும் முதலில் சந்தேகப்படுவது ரெக்கார்டரை. முதலில் பார்க்கவேண்டியது மைக்கின் செல்ஃப் நாய்ஸ் அளவை, அதாவது சுற்றிலும் ஒலியே இல்லாதபோதும் மைக் தானாக எழுப்பும் இரைச்சலை. பேச்சுக்கும் பாட்டுக்கும் செல்ஃப் நாய்ஸ் 20 டெசிபெல் உள்ள மைக் தாராளமாகப் போதும். ஆனால் அமைதியான காட்டின் பின்னணி ஒலியே 20 டெசிபெல்லுக்கு இறங்கிவிடும். அங்கே அந்த மைக் தன் சொந்த இரைச்சலைக் காட்டுக்குச் சமமாகக் கலந்து தரும்.

செல்ஃப் நாய்ஸ் 15 டெசிபெல்லுக்கு மேல் இருந்தால் இந்த வேலைக்கு வாங்காதீர்கள். பிரிமோ ஈஎம்272 என்ற குட்டி கேப்ஸ்யூல் (ஒலியை வாங்கும் மைக்கின் உட்பகுதி) 14 டெசிபெல்தான். விலை குறைவு, எடையே இல்லை, தொடங்குபவர்களுக்கு அதையே சொல்வேன். ரோட் என்டி1 5 டெசிபெல்லுக்கும் கீழே போகும், ஆனால் பெரியது, ஈரக்காற்றில் கவனமாகக் கையாள வேண்டும். சென்ஹைசர் எம்கேஎச் வரிசை ரேடியோ அதிர்வெண் முறையில் இயங்குவதால் ஈரத்தை நன்றாகத் தாங்கும். விலைதான் கையைக் கடிக்கும்.

செல்ஃப் நாய்ஸோடு உணர்திறனையும், அதாவது 94 டெசிபெல் ஒலிக்கு மைக் எத்தனை மில்லிவோல்ட் தருகிறது என்பதையும், சேர்த்துப் பார்க்க வேண்டும். 40 மில்லிவோல்ட் தரும் மைக் என்றால் அது -28 டிபிவி (1 வோல்ட்டோடு ஒப்பிட்ட டெசிபெல் அளவு). அதோடு செல்ஃப் நாய்ஸ் 14-ஐக் கூட்டி, 94-ஐக் கழித்தால் -108. ரெக்கார்டர்களுக்குப் பயன்படும் டிபியூ (0.775 வோல்ட்டோடு ஒப்பிட்ட அளவு) கணக்குக்கு 2.2 கூட்டினால் ஏறக்குறைய -106. ரெக்கார்டரின் ஈஐஎன் (அதன் உள்ளீட்டின் சொந்த இரைச்சல்) -120 டிபியூ என்றால் அது 14 டெசிபெல் கீழே கிடக்கிறது, காதுக்கு எட்டாது. அதே செல்ஃப் நாய்ஸ் உள்ள மைக் 10 மில்லிவோல்ட்தான் தருகிறது என்றால் விடை -118. இப்போது அதே ரெக்கார்டர் மொத்த இரைச்சலில் 2 டெசிபெல் ஏற்றிவிடும். 10 டெசிபெல் இடைவெளி இருந்தால் ரெக்கார்டரைப் பற்றிக் கவலையே வேண்டாம்.

32-பிட் ஃப்ளோட் என்ற பதிவு வடிவம் இரைச்சலைக் குறைக்கும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) தவறாக வைத்தாலும் பதிவு கெடாமல் காப்பாற்றும், அவ்வளவுதான். 24-பிட்டில் உச்சங்கள் ரெக்கார்டரின் மீட்டரில் -20 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி வைத்தால், திடீரென்று பக்கத்தில் ஒரு பறவை கத்தினாலும் இடம் இருக்கும்.

மின்சாரம் பற்றி ஒரு வார்த்தை. 3.5 மில்லிமீட்டர் பின் உள்ள சிறிய மைக்குகளுக்கு 2 முதல் 5 வோல்ட் போதும். எக்ஸ்எல்ஆரில் (பெரிய மைக்குகளுக்கான மூன்று முனைச் செருகி) செருக, அது தரும் 48 வோல்ட்டைக் குறைத்துத் தரும் அடாப்டர் கட்டாயம். வெறுமனே பின்னை மாற்றும் கேபிளைப் போட்டால் கேப்ஸ்யூல் போய்விடலாம்.

இதையெல்லாம் சரியாகச் செய்தும் பதிவைக் கெடுப்பது பெரும்பாலும் காற்றுதான். கேப்ஸ்யூலைச் சுற்றிக் காற்று சுழலும்போது அதனுள் இருக்கும் மெல்லிய சவ்வான டயஃப்ரம் தாழ்ந்த அதிர்வெண்ணில் பலமாக ஆடுகிறது. உள்ளீடே நிரம்பி ஒலி சிதைந்துவிட்டால் பிறகு எந்த ஃபில்டரும் உதவாது. அதனால் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலியைக் குறைக்கும் லோ-கட்டைப் பதியும்போதே போடுவது நல்லது. ஸ்பாஞ்சு உறை மட்டும் இளங்காற்றுக்குச் சரி. அதற்கு மேல், வெளியே நீண்ட முடியுள்ள ஃபர் உறை, உள்ளே கேப்ஸ்யூலைச் சுற்றி ஒரு காற்று இடைவெளி, இரண்டும் வேண்டும். ஃபர் உறையை மைக்கோடு ஒட்டி இறுக்கிக் கட்டினால் பாதிப் பயன் போச்சு. எல்லாத் திசையிலும் கேட்கும் ஆம்னி மைக்குகள், முன்பக்கத்தை மட்டும் அதிகம் கேட்கும் கார்டியாய்டைவிடக் காற்றையும் கை அதிர்வையும் நன்றாகத் தாங்கும். முழங்கால் உயரத்தில், புதர் மறைவில் வைத்தால் காற்றின் வேகம் இன்னும் குறையும். ஆனால் ஒரு புல் நுனி உறையை உரசினாலும் 'சரக் சரக்' என்று பதிவு முழுக்கக் கேட்கும். சுற்றிலும் ஒரு சாண் அளவு துப்புரவாக இருக்கட்டும்.

ஸ்டீரியோவுக்கு ஸ்டாண்டே வேண்டாம். ஓரளவு பருத்த மரத்தின் இருபுறமும் ஒவ்வொரு ஆம்னி மைக்கைக் கட்டுங்கள். நடுவே இருக்கும் மரம் இடது, வலதை அழகாகப் பிரித்துத் தரும். கட்டும் முன் பட்டையில் எறும்புச் சாரி இருக்கிறதா என்று பாருங்கள். எறும்பு உறைமேல் ஏறி நடப்பது பதிவில் அப்படியே விழும். கேபிளை மைக்குக்குக் கீழே ஒரு சுற்று தளர்வாக விட்டு, பிறகு மரத்தோடு கட்ட வேண்டும், இல்லையென்றால் கேபிள் ஆடும்போதெல்லாம் 'டொக்' என்று கேட்கும். மழை விட்ட பிறகு மரத்தடி ஆகாது, இலைச்சொட்டு மணிக்கணக்கில் நிற்காது.

விடியலுக்கு முன் காற்று ஓய்ந்திருக்கும். ஆனால் தரையோரம் குளிர்ந்து மேலே வெப்பமாக இருப்பதால், அந்நேரத்தில் தொலைதூரச் சாலை ஒலியும் வளைந்து இறங்கி வந்து சேரும். பகலில் அமைதியாக இருந்த இடம் அதிகாலையில் ஏமாற்றும். சாலைக்கும் மைக்குக்கும் நடுவே ஒரு மேடு இருக்கும் இடமாகத் தேடுங்கள். ஓடைக்கு அருகே வைத்தால் அதன் இரைச்சல் மெல்லிய குரல்கள் எல்லாவற்றையும் மூடிவிடும்.

48 கிலோஹெர்ட்ஸ், 24-பிட் ஸ்டீரியோவுக்கு மணிக்கு 1 ஜிபிக்குச் சற்று மேல், 32-பிட் ஃப்ளோட்டுக்கு 1.4 ஜிபி கணக்கு வையுங்கள். பவர் பேங்க் வைத்தால் முன்பே இரண்டு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ரெக்கார்டர் இழுக்கும் மின்சாரம் குறைவு என்பதால் சில தானாகவே அணைந்துவிடும், சில 'கீ' என்ற ஒலியைப் பதிவில் ஏற்றும்.

தொடக்கத்தில் தேதி, நேரம், மைக், கெயின் நான்கையும் மெல்லச் சொல்லிவிட்டு, போனை ஃபிளைட் மோடில் போட்டு, 30 மீட்டராவது விலகிப் போய்விடுங்கள். பறவைகள் இயல்புக்குத் திரும்பக் கால் மணி நேரமாவது ஆகும்.

ரெக்கார்டரை சிலிக்கா ஜெல்லோடு ஜிப் பையில் போட்டு, கேபிள் கீழ்நோக்கி வெளியேறும்படி வையுங்கள், பனி அதன் வழியே உள்ளே இறங்காது. பதிவில் 'பட் பட்' என்று வெடித்தால் கேப்ஸ்யூலில் ஈரம் ஏறியிருக்கிறது என்று பொருள். சூடு காட்டாமல், சிலிக்கா ஜெல் உள்ள மூடிய டப்பாவில் ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.