ஊர்க் கல்லில் பெயர் ஏற: கிராம சபை முதல் மனுக்கள் குழு வரை

சித்தப்பா பெயரைப் பஞ்சாயத்து அலுவலக வளாகத்தில் கல்லில் பொறிக்க அனுமதி கிடைத்துவிட்டது. சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஊர். கல் வெட்டுவதும் நடுவதும் சின்ன வேலை. ஊர்க்காரர் ஒருவர் போரில் உயிர்விட்டது ஊரின் விஷயம், அவர் வீட்டு விஷயம் மட்டுமல்ல என்று காகிதத்தில் ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பாதி அலைச்சலாவது மிச்சமாகட்டும்.

சித்தப்பா 16-வது மெட்ராஸ் பட்டாலியனில் சிப்பாய். 1971 இந்தியா-பாகிஸ்தான் போரில், டிசம்பர் 16 அன்று, மேற்கு முனையில் ஷக்கர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றுச் சண்டையில் இறந்தார். அன்று மாலைதான் இந்திரா காந்தி மக்களவையில் எழுந்து, டாக்கா இனி ஒரு சுதந்திர நாட்டின் சுதந்திரத் தலைநகர் என்று அறிவித்தார். அவையே ஆரவாரம் செய்தது. மேற்கே பசந்தர் கரையில் அப்போதும் சண்டை ஓயவில்லை. மறுநாள் இரவுதான் துப்பாக்கிகள் அடங்கின. இது தெரியாமல் ஊரில் இன்றைக்கும் "பங்களாதேஷ் சண்டையில போனவரு" என்றுதான் சொல்வார்கள்.

மனு கொடுக்கப் போன இடத்தில் இருந்த எழுத்தரும் அதையே பிடித்துக்கொண்டார். "பங்களாதேஷ்னே போடுங்க அண்ணாச்சி, அதுதான எல்லாருக்கும் தெரியும்" என்றார். முடியாது என்றேன். எங்கே இறந்தார் என்பதையே மாற்றி எழுதிவிட்டு அப்புறம் எதை நினைவுகூர்வது? "அப்போ ஆதாரம் கொண்டாங்க" என்று தாளைத் திருப்பித் தள்ளிவிட்டார்.

ஆதாரம் வேண்டுமென்றால் நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுத வேண்டும். எழுதுவதற்குப் படை எண் வேண்டும். சித்தியிடம் இருந்த பென்ஷன் உத்தரவோ மடித்து மடித்து, எண் இருந்த மடிப்பிலேயே கிழிந்து போயிருந்தது. கடைசியில் எண்ணைக் கொடுத்தது மெடல். 1971 போருக்காகக் கொடுத்த சங்ராம் மெடலின் விளிம்பில், காசின் ஓரம் போலிருக்கும் அந்த ஒடுங்கிய இடத்தில், எண்ணும் ரேங்கும் பெயரும் வரிசையாகப் பொறித்திருக்கிறது. கறுத்துப் போயிருந்தது. புளி போட்டுத் தேய்க்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள், நான் விடவில்லை. நீங்களும் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். சாய்வாக டார்ச் அடித்து, செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எண் தெளிவாகத் தெரியும்.

அதே பெட்டியில் இருந்த இன்னொரு மெடல் பஷ்சிமி ஸ்டார். 1971-ல் மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது அது. கிழக்கே போனவர்களுக்குப் பூர்வி ஸ்டார். எழுத்தர் கேட்ட ஆதாரம் இத்தனை வருஷமும் பீரோவுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக வெலிங்டனுக்குக் கடிதம் போனது. மாதக்கணக்கில் காத்த பிறகு பதில் வந்தது. ஆனால் பதிலில் இருந்த பெயரும் குடும்ப அட்டையில் இருந்த பெயரும் ஒன்றாக இல்லை. ஆள் எடுத்தபோது அப்பா பெயரையும் சேர்த்து ஒரே பெயராக எழுதிவிட்டார்கள். "இருவரும் ஒருவரே" என்று சான்று வாங்க ஒரு தனி அலைச்சல். டெல்லி தேசியப் போர் நினைவகத்தில், 2019 பிப்ரவரியில் திறந்தார்களே அதில், தியாக சக்கரச் சுவர்களில் இருக்கும் உயிர்நீத்தவர்களின் பெயர்களை இணையத்தில் தேடலாம். அங்கே எந்த எழுத்துக்கூட்டலில் இருக்கிறதோ அதையே எல்லாத் தாளிலும் போடுங்கள்.

அடுத்தது கிராம சபை. ஆகஸ்ட் 15 கூட்டத்தில் பேசினோம், கைதட்டினார்கள், சரி என்றார்கள். பின்னால் தீர்மான நகல் கேட்டுப் போனால், "பொதுமக்களின் பல்வேறு கோரிக்கைகள் விவாதிக்கப்பட்டன" என்று ஒரே வரி. சித்தப்பா பெயரே இல்லை. அக்டோபர் 2 வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்கள். பதிவேட்டில் ஏறியதைப் படித்துப் பார்க்காமல் பந்தலை விட்டு வெளியே வராதீர்கள்.

வாசகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்னவர் எங்கள் ஊர் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர். 1962 நவம்பர் 14 அன்று, சீனப் போரின் நடுவே, மக்களவை நிறைவேற்றிய தீர்மானத்தை எடுத்துக் காட்டினார். நடந்த ஆக்கிரமிப்பை முதலில் சொல்லி, படையினரின் வீரத்தைப் பாராட்டி, உயிர்நீத்தவர்களுக்கு அஞ்சலி செலுத்தி, நாடு செய்யப்போவதை உறுதியாகச் சொல்லி முடிகிற தீர்மானம். எங்களுடையதையும் அதே வரிசையில் எழுதினோம். எந்தச் சண்டை, எந்த நாள், எந்த இடம்; ஊரின் அஞ்சலி; கல் எங்கே, யார் பொறுப்பு.

அக்டோபர் கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "ஒரு ஆளு பேரை வச்சா நாளைக்கு ஒவ்வொரு தெருக்காரனும் கேப்பான்லா?" திருநெல்வேலிச் சீமையில் இந்தப் பேச்சு எங்கே போய் முடியும் என்று எல்லாருக்கும் தெரியும். கூட்டம் சட்டென்று அமைதியானது. சுபேதார்தான் வாய் திறந்தார். "அவன் தெருவுக்காவா செத்தான்? எந்தத் தெருவுல இருந்து போயிருந்தாலும் அவன் பேரும் அதே கல்லுல வரட்டும்." அந்த ஒரு பேச்சில் தீர்மானமே மாறியது. "இவ்வூரிலிருந்து சென்று போரில் உயிர்நீத்த படைவீரர்கள் அனைவரும்" என்று திருத்தினோம். முதல் உலகப்போர் முடிந்ததும் வெள்ளைக்காரன் காலத்தில் ஊர்களில் பதித்த பலகைகளிலும், இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் உயிர்கொடுத்தார்கள் என்றுதான் இருக்கும். நாங்கள் கூடவே பெயர்களையும் கேட்டோம். எதிர்ப்பில்லாமல் நிறைவேறியது. எனக்கு அன்றைக்கே பாதி மனபாரம் இறங்கிவிட்டது.

தீர்மானம் கையில் இருந்தும் கோப்பு நகரவில்லை. அப்போதுதான் சட்டமன்றப் பேரவையின் மனுக்கள் குழு, அதாவது பொதுமக்கள் மனுக்களை விசாரிக்கும் எம்.எல்.ஏ.க்கள் குழு, மாவட்டத்துக்கு வரப்போகிறது என்று அறிவிப்பு வந்தது. மனு தமிழில், ஐந்து நகல்கள். பல ஆண்டுகளாகத் தீராத பொதுப் பிரச்சினையாக இருக்க வேண்டும். ஒரு மனுவில் ஒரே பிரச்சினை, அதுவும் ஒரே துறை சார்ந்ததாக. தனிநபர் குறை, வேலைவாய்ப்பு, பட்டா, முதியோர் ஓய்வூதியம் எல்லாம் கூடாது. நாங்கள் கல்லை மட்டும் கேட்டு, தீர்மான நகலோடு கொடுத்தோம். மனு வாங்கிய இடத்தில் மேலாகப் புரட்டிவிட்டு, "ஒங்க சித்தப்பா விஷயம்லா, தனிநபர் குறைல வரும்" என்று மூலையில் எழுதித் திருப்பிவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஊரே கூடி நிறைவேற்றிய தீர்மானம் கண்ணெதிரே இருக்கிறது, அதில் "அனைவரும்" என்று இருக்கிறது, படிக்கவே இல்லை.

மறுபடி கொடுத்தபோது சித்தப்பா என்ற உறவையே மனுவிலிருந்து எடுத்துவிட்டேன். மனுதாரர் இடத்தில் என் பெயரோடு ஊர்க்காரர்கள் பலரும் எல்லாத் தெருக்களிலிருந்தும் கையெழுத்துப் போட்டார்கள். தீர்மான நகல் முதல் பக்கம், மனு அதற்குப் பின்னால். வாங்கிக்கொண்டார்கள்.

கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் குழு கூடிய அன்று சில நிமிஷத்தில் முடிந்துவிட்டது. எம்.எல்.ஏ.க்கள் தீர்மானத்தைப் படித்தார்கள், கிராம சபையே முடிவெடுத்த பிறகு ஏன் தாமதம் என்று அதிகாரியைக் கேட்டார்கள். அனுமதி உத்தரவில் "பசந்தர்" என்றே இருக்கிறது. எழுத்து எழுத்தாகச் சரிபார்த்தேன்.

ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் பெயர் வைக்கவும் கேட்கப்போகிறோம். அது வேறு துறை, அதற்குத் தனி மனு. ஜனவரி 26 கிராம சபைக்கு வாசகம் தயாராக இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் போய்த் திரும்பாத ஒருவர் எங்கள் ஊரிலும் உண்டு என்கிறார்கள். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் தேடிக்கொண்டிருக்கிறோம். பெயர் கிடைத்துவிட்டால் கல்லில் அவர்தான் முதல் வரி.