அம்மாவின் முதுகெலும்பும் கொஞ்சம் சிமெண்டும்

பிப்ரவரி 3

எம்ஆர்ஐ ரிப்போர்ட் வந்துவிட்டது. டி12, அதாவது மார்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு, முன்பக்கம் நசுங்கியிருக்கிறது. அம்மா விழவே இல்லை. குனிந்து ஒரு பெட்டியை இழுத்தாள், அவ்வளவுதான். அதைவிட என்னை உலுக்கியது, அதற்குக் கீழே எல்2-வும், அதாவது இடுப்புப் பகுதியின் இரண்டாவது முள்ளெலும்பும், எப்போதோ நசுங்கி ஆறியிருக்கிறது என்று டாக்டர் காட்டியது. கொஞ்ச வருஷமாகவே அம்மா குள்ளமாகிக்கொண்டு வந்தாள், வயசு என்று எல்லோரும் விட்டுவிட்டோம். ஸ்டிர் என்று ஒரு வகைப் படம் எடுக்கிறார்கள், அதில் புதிதாக உடைந்த எலும்பு நீர் கோத்து வெள்ளையாகத் தெரியும், பழையது அப்படித் தெரியாது. எந்த எலும்பு இப்போது வலிக்கிறது என்பதை எக்ஸ்ரே மட்டும் வைத்துச் சொல்வது கஷ்டம்.

பிப்ரவரி 5

உடனே ஆபரேஷன் வேண்டாம் என்றார் டாக்டர். இப்படி நசுங்குவதில் பெரும்பாலானவை 6 முதல் 12 வாரத்தில் தானாகவே அடங்கிவிடுமாம். வலி மாத்திரை, கொஞ்ச நாள் இடுப்புப் பட்டை, முடிந்தவரை எழுந்து நடக்க வேண்டும். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும், தசையும் போகும், நுரையீரலில் சளி கட்டும். கால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதே என்றார்.

பிப்ரவரி 19

வலி குறையவில்லை. ராத்திரி புரண்டு படுக்கும்போது அம்மா போடும் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. வலி மாத்திரையைக் கூட்டினால் மலச்சிக்கல், தலைசுற்றல். தலைசுற்றி விழுந்தால் இன்னொரு எலும்பு. சரி, நசுங்கிய எலும்புக்குள் சிமெண்ட் வைக்கும் சிகிச்சையைப் பற்றிப் பேசலாம் என்று டாக்டரே ஆரம்பித்தார்.

இரண்டு வகை. வெர்டிப்ரோபிளாஸ்டியில் ஊசி வழியாக நேராகச் சிமெண்டைச் செலுத்துகிறார்கள். கைபோபிளாஸ்டியில் முதலில் ஒரு சின்ன பலூனை உள்ளே ஊதி இடம் உண்டாக்கி, கொஞ்சம் உயரத்தையும் மீட்கப் பார்த்து, அப்புறம் அந்தக் குழியை நிரப்புகிறார்கள். முதல் வகையை 1984-இல் பிரான்சின் அமியன் நகரில் கலிபே, டெராமான் என்ற டாக்டர்கள் முதன்முதலில் செய்தார்கள், அதுவும் எலும்பு மெலிவுக்கு அல்ல, கழுத்து முள்ளெலும்பில் இருந்த ஒரு ரத்தக்குழாய்க் கட்டிக்கு.

பிப்ரவரி 20

ராத்திரி முழுக்கப் படித்தேன். வெர்டிப்ரோபிளாஸ்டி பற்றி 2009-இல் வந்த இரண்டு ஆய்வுகள் என்னைத் தடுமாற வைத்துவிட்டன. பாதிப் பேருக்கு நிஜச் சிகிச்சை, மீதிப் பேருக்கு ஊசி வைப்பதுபோலப் பாவனை, சிமெண்டின் வாசனை அறையில் பரவும்படிகூடச் செய்திருக்கிறார்கள். இரு தரப்புக்கும் வலி குறைந்த அளவில் பெரிய வித்தியாசமே இல்லை. 2016-இல் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு மட்டும், உடைந்து 6 வாரத்துக்குள் கடும் வலியோடு இருப்பவர்களுக்குப் பலன் தெரிந்தது என்றது. 2018-இல் நெதர்லாந்து ஆய்வு மறுபடியும் வித்தியாசம் இல்லை என்றது.

அண்ணன், "அப்ப எதுக்கு?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இது எல்லோருக்கும் செய்யவேண்டியது இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அம்மாவுக்கு எலும்பு புதிதாக உடைந்தது, வலி அதே இடத்தில், மாத்திரை தாங்கவில்லை, எழுந்திருக்கவே முடியவில்லை. டாக்டரும் நிச்சயம் சரியாகும் என்று சொல்லவில்லை, அதனால்தான் அவர்மேல் நம்பிக்கை வந்தது.

பிப்ரவரி 24

வெர்டிப்ரோபிளாஸ்டி முடிந்தது. குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி, லேசான மயக்கம். ஓடும் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டே முள்ளெலும்பின் பின்புறத் தண்டு வழியாக ஊசியை இறக்கி, பற்பசைப் பதத்துக்கு வந்த சிமெண்டை மெதுவாகச் செலுத்தினார்களாம். ரொம்பத் தண்ணியாக இருந்தால் ரத்தக்குழாய்க்குள் கசிந்து நுரையீரல்வரை போகலாம், பின்பக்கம் கசிந்தால் நரம்பை அழுத்தலாம். அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரிய அதில் பேரியம் கலக்கிறார்கள். தையல்கூட இல்லை. சில மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தாள்.

மார்ச் 2

வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. அம்மா தானாகவே புரண்டு படுக்கிறாள். இதில் சிமெண்டின் பங்கு எவ்வளவு, நாள் ஆனதின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அம்மாவுக்கு அந்தக் கவலை இல்லை, தூங்குகிறாள்.

சொந்தக்காரர்கள் எல்லோரும் "ஆபரேஷன் ஆச்சே, சரியாயிடுச்சு" என்கிறார்கள். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. சிமெண்ட் ஓர் எலும்பைத்தான் தாங்குகிறது, மற்ற எலும்புகள் அதே மெலிவோடுதான் நிற்கின்றன. விழாமலே முள்ளெலும்பு நசுங்கி, அதற்கு வேறு நோய் காரணம் இல்லையென்றால், எலும்பு அடர்த்தி ஸ்கேனில் எண் என்னவாக இருந்தாலும் அதுவே ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு மெலிவு நோய். எல்2 நசுங்கியபோதே மருந்து தொடங்கியிருந்தால் டி12 தப்பியிருக்குமோ என்று நினைத்தால் ஆத்திரம் வருகிறது.

மார்ச் 16

வைட்டமின் டி, கால்சியம், சிறுநீரகப் பரிசோதனை, பல் டாக்டர் எல்லாம் முடிந்து இன்று எலும்பு மெலிவைத் தடுக்கும் சோலெட்ரோனிக் அமிலம் என்ற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். 5 மில்லிகிராம், வருஷத்துக்கு ஒரு தடவை. அதே வேலைக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை போடும் டெனோசுமாப் ஊசியையும் கேட்டுப் பார்த்தேன். அதை இடையில் நிறுத்தினால் எலும்பு வேகமாக மெலிந்து, ஒரே சமயத்தில் பல முள்ளெலும்புகள் நசுங்கக்கூடும் என்றார் டாக்டர்; எங்கள் வீட்டில் மருந்து தேதி தவறுவது சகஜம், அதனால் இதுவே போதும் என்று முடிவு செய்தோம். முதல் தடவை ஏற்றியதும் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்பு வலியும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். சாயங்காலமே லேசாகச் சுட ஆரம்பித்தது, பாரசிட்டமால் கொடுத்திருக்கிறேன்.