சுகாதாரமும் சுற்றுச்சூழலும் ஒரே துறையானால்: இணைக்கும்போது மாட்டிக்கொள்ளும் இடங்கள்

அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1973-இல் மாநிலச் சுகாதார வாரியத்தையும் மாசுக்கட்டுப்பாட்டு ஆணையத்தையும் சேர்த்து ஒரே துறையாக்கினார்கள். சுருக்கப் பெயர் ‘டிஹெக்’. 2024 ஜூலை 1 அன்று அதே துறை மறுபடி பொதுச் சுகாதாரம், சுற்றுச்சூழல் சேவைகள் என்று இரண்டானது. இணைப்பு வேலையில் இறங்குகிறவர்கள் அந்தப் பிரிப்பைத்தான் முதலில் படிக்க வேண்டும். தையல் எங்கே ஓடியது என்பது பிரிக்கும்போதுதான் தெரியும்.

பெயர்ப் பலகைக்கும் அமைப்பு வரைபடத்துக்கும் முன்னால் அதிகாரப் பட்டியல். நாங்கள் போடும் பட்டியலில் ஆறு பத்திகள்: பணி, மாநிலச் சட்டப் பிரிவு, மத்திய அரசின் ஒப்புதல், பணம் வரும் வழி, ஆட்கள், கோப்பு இருக்கும் மென்பொருள். மூன்றாவது பத்தியைத்தான் பெரும்பாலும் காலியாக விட்டுவிடுவார்கள். கழிவுநீர் வெளியேற்ற உரிமம் வழங்கும் அதிகாரத்தை மத்திய அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான இ.பி.ஏ. குறிப்பிட்ட ஒரு மாநில அமைப்புக்குத்தான் தந்திருக்கும். அதை வேறு அமைப்புக்கு மாற்றுவதானால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இ.பி.ஏ. ஒப்புக்கொள்ளும்வரை புதிய துறைக்கு அந்தத் திட்டத்தை நடத்தும் அதிகாரமே கிடையாது. மாநிலச் சட்டத்தில் தேதி வந்துவிட்டது, இ.பி.ஏ. கடிதம் வரவில்லை என்றால், அந்த இடைவெளியில் கையெழுத்தான ஒவ்வோர் உரிமத்தையும் நீதிமன்றத்தில் இழுக்கலாம். மாநிலத் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலின் சட்டக் கருத்து, திருத்திய திட்ட விளக்கம், இ.பி.ஏ.வுடனான புது ஒப்பந்தம் மூன்றையும் மசோதா விவாதத்தில் இருக்கும்போதே எழுதத் தொடங்கிவிடுவது நல்லது. மசோதாவிலும் ஒரு வரி கட்டாயம்: பழைய விதிகள், உரிமங்கள், உத்தரவுகள், நிலுவை வழக்குகள் எல்லாம் புதிய துறையின் பெயரில் அப்படியே தொடரும்.

அடுத்தது பணம். உண்மையான சண்டை இங்கேதான். மத்திய அரசின் தூய காற்றுச் சட்டத்தின் ஐந்தாம் தலைப்பின்படி ஆலைகளிடம் வாங்கும் கட்டணத்தை அந்த உரிமத் திட்டத்துக்கு மட்டுமே செலவழிக்கலாம். தடுப்பூசித் திட்டத்தில் விழுந்த பள்ளத்தை அதை வைத்து நிரப்ப முடியாது. இரண்டு திட்டங்களுக்கும் வேலை செய்கிற கணக்கர், வழக்கறிஞர் போன்றவர்களின் நேரத்தை உண்மையில் உழைத்த மணிக்கணக்கில் பதிய வேண்டும். ‘பாதிக்குப் பாதி’ என்று எழுதி வைத்தால் தணிக்கையில் மானியத்தைத் திருப்பிக் கட்ட நேரும். மறைமுகச் செலவு விகிதத்தையும், அதாவது பொது நிர்வாகச் செலவில் மானியத்தின்மேல் ஏற்றும் பங்கையும், மத்திய அரசுடன் புதிதாகப் பேசி முடிக்க வேண்டும். தேதி விஷயத்திலும் ஒரு சிக்கல்: பெரும்பாலான மாநிலங்களின் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது, மத்திய அரசினுடையது அக்டோபர் 1-இல். ஜூலையில் இணைத்தால் மத்திய நிதியாண்டின் நடுவில் கணக்கை வெட்டி ஒட்ட வேண்டியிருக்கும்.

ஆய்வகங்களை ஒரே கட்டடத்துக்குக் கொண்டுவருவது சிக்கனம் போலத் தோன்றும். ரத்தமும் சளியும் சோதிக்கும் பகுதிக்குக் ‘கிளியா’ என்ற மத்திய அரசின் மருத்துவ ஆய்வகச் சான்றிதழ் வேண்டும். பெயர், இடம், இயக்குநர் மாறினால் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். குடிநீர்ச் சோதனைக்கான சான்று முற்றிலும் வேறு. அதைவிட முக்கியம் தூரம். கோலிஃபார்ம் என்ற பாக்டீரியாவைத் தேடும் சோதனைக்குக் குடிநீர் மாதிரி எடுத்த 30 மணி நேரத்துக்குள் சோதனை தொடங்கியாக வேண்டும். மாவட்ட ஆய்வகத்தை மூடிவிட்டு வாரக்கடைசிக்குக் கூரியர் ஏற்பாடு செய்யாவிட்டால், வெள்ளி மாலை எடுத்த மாதிரி திங்களன்று குப்பைக்குத்தான் போகும்.

செப்டிக் டேங்க், உணவகம், நீச்சல் குளம், எக்ஸ்ரே கருவி ஆகிய நான்கும் எந்தப் பக்கம் என்ற வாக்குவாதம் எங்கும் வரும். தென் கரோலினாவில் பிரித்தபோது உணவக ஆய்வும் பால் ஆய்வும் இரண்டு பக்கமும் சேராமல் வேளாண்மைத் துறைக்குப் போயின. செப்டிக் டேங்க் சுற்றுச்சூழல் பக்கம் போனது. ஒரே ஆய்வாளர் உணவகத்தையும் செப்டிக் டேங்கையும் பார்த்துவந்த மாவட்டத்தில், இந்தப் பங்கீட்டைத் தலைநகரில் முடிவு செய்வதற்கு முன் அவருடைய ஒரு வார நாட்குறிப்பை வாங்கிப் பார்க்க வேண்டும்.

எண்ணெய்க் கசிவு, ரசாயனக் கசிவு பற்றித் தெரிவிக்கும் 24 மணி நேரத் தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றவே கூடாது. துறையின் பெயர் மாறியது எந்த லாரி ஓட்டுநருக்கும் தெரிந்திருக்காது.