சாயம் பூசியது நான்கு நாள்தான்

இரண்டு கடற்பயணங்களுக்கு இடையே கிடைத்த ஆறு வாரத்தில் எங்கள் பழைய பாய்மரப் படகுக்குப் புதுச் சாயம் பூசிவிடலாம் என்று தொடங்கியபோது, பூச்சுக்கு நான்கு வாரம், பழுதுபார்க்க இரண்டு வாரம் என்று கணக்கிட்டிருந்தேன். முடிவில், சாயத் தூரிகை கையில் இருந்தது நான்கே நாள்தான்.

படகு 1979இல் கட்டப்பட்டது; 32 அடி நீளம், கண்ணாடியிழை உடல். கிரேன் அதைத் தூக்கித் தாங்கிகளின்மேல் நிறுத்தியதும், ஈரம் காய்வதற்குள் அடிப்பகுதியை அழுத்த நீரால் கழுவினோம். அடியில் ஒட்டி வளரும் கொட்டலசு என்னும் ஓட்டுயிரும் பாசியும் காய்ந்து இறுகிவிட்டால் சுரண்டுகிறவர் பாடு திண்டாட்டம்தான். பழைய பாசித்தடுப்புச் சாயத்தையும் நீர் விட்டே தேய்த்தேன். அதில் பெரும்பாலும் செம்பு ஆக்சைடு கலந்திருப்பதால் உலர்ந்த தூளைச் சுவாசிக்கக் கூடாது. இந்த வயதுப் படகில் டிரைபியூட்டைல்டின் கலந்த சாயமும் அடியடுக்கில் எங்கேனும் ஒட்டியிருக்கக்கூடும். கடல்வாழ் உயிர்களைக் கெடுத்த அச்சேர்மத்தை விலக்கும் பன்னாட்டு உடன்படிக்கை 2001இல் ஏற்கப்பட்டு, 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே தேய்த்த சேற்றை ஒரு சொட்டும் மண்ணில் விடாமல் தார்ப்பாயில் வாரினோம்.

மேல்தளத்தில்தான் கணக்கு தவறியது. பாதுகாப்புக் கம்பித் தூண் ஒன்றின் அடித்தட்டைச் சுற்றி மயிரிழை வெடிப்புகள் தெரிந்தன. சுத்தியல் பிடியால் தட்டிப் பார்த்தால், மற்ற இடமெல்லாம் கணீரென்று ஒலிக்க, அங்கே மட்டும் நனைந்த அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக இருந்தது. மேல்தோலை வெட்டித் திறந்தபோது, இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே இருக்க வேண்டிய பால்சா மரம் கருஞ்சேறாகக் கையில் வந்தது. திருகாணித் துளையின் அடைப்புப் பசை இறுகி விரிசல்விட, ஆண்டுக்கணக்கில் மழைநீரும் அலைநீரும் அவ்வழியே இறங்கியிருக்கின்றன. அழுகியதைச் சுரண்டி, நன்றாக உலரவிட்டு, புதிய பால்சாவை எபாக்சி என்னும் இறுகும் பிசினில் பதித்து, மேல்தோலை மீண்டும் ஒட்டினோம். துளைகளை முதலில் அளவுக்கு மிஞ்சிய அகலத்தில் போட்டு, கெட்டியாக்கிய எபாக்சியால் நிரப்பி, இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவில் துளையிட்டோம். இனி அடைப்பு ஒழுகினாலும் நீர் மரத்தைத் தொடாது. இறுகிய எபாக்சியின்மேல் மெழுகுபோல் படியும் அமைன் படலத்தைத் தண்ணீரால் கழுவாமல் உப்புத்தாளை எடுத்தது என் அவசரம். தாள் அடைத்துக்கொண்டது, ஒரு நாள் போயிற்று.

ஒரு தூண் இப்படி என்றால் மற்றவற்றை எப்படி நம்புவது? எல்லாவற்றையும் கழற்றினோம். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் பூட்டப்பட்ட எஃகுத் தகடுகளில் ஒன்று, தளத்துக்குள் புதைந்திருந்த இடத்தில் விரிசல் கண்டிருந்தது. துருப்பிடிக்காத எஃகு என்பது பாதி உண்மை: தேங்கிய ஈரத்தில் காற்றுப்படாமல் கிடந்தால் அதன் காப்புப் படலம் புதுப்பிக்கப்படாமல், இடுக்குக்குள் அரிப்பு தொடங்கிவிடும். சாயத்தின் பளபளப்பை அடுத்த ஆண்டுக்குத் தள்ளலாம். இந்தத் தகட்டைத் தள்ள முடியாது. மாற்றினோம். மற்ற உலோகப் பாகங்களுக்குப் பதிலாகத் தாம் அரிபட்டுத் தேய்ந்த துத்தநாகக் கட்டிகளை மாற்றியது அரை மணி நேர வேலை.

மிச்சமிருந்த நாள்களில் பக்கச்சுவருக்கு இருகலவைப் பாலியூரித்தேன் சாயம் பூசினோம். படகின் மேற்பரப்பு வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரி செல்சியசாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதால் காலையில் காத்திருந்து, மாலை ஈரம் இறங்கும் முன்பே நிறுத்தினோம். அச்சாயத்திலிருந்து எழும் ஐசோசயனேட் என்னும் நச்சு ஆவிக்கு ஏற்ற முகமூடி அணிந்து நான் உருளையால் பூச, என் மனைவி உலர்ந்த தூரிகை நுனியால் குமிழிகளை நீவிக்கொண்டே பின்தொடர்ந்தார். வலப்பக்கத்தில் ஓரிடத்தில் சாயம் வழிந்து கோடாகிவிட்டது. அதைத் தேய்த்துத் திரும்பப் பூச நாள் இல்லை, விட்டுவிட்டேன்.

தாங்கிகள் முட்டியிருந்த வட்டங்களில் மட்டும் பாசித்தடுப்புச் சாயம் பாக்கி. கடலில் இறக்கும் காலையில், படகு கிரேன் வாரில் தொங்கிக்கொண்டிருக்க, ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அவற்றையும் பூசி முடித்தோம்.