பார்சிலோனாவில் வெயிலின் திசை பார்த்துப் படம் பிடித்த அனுபவம்

முதல் நாள் எடுத்த படங்களில் பெரும்பாலானவற்றை அன்றிரவே அழித்துவிட்டேன். மே மாத மாலை ஐந்து மணிக்கு, கட்டடக் கலைஞர் கௌடி வடிவமைத்த காசா பட்லோ என்ற கட்டடத்தின் முன் போய் நின்றபோது, முகப்பு முழுவதும் நிழலில் இருந்தது. பின்னாலிருந்த வானமோ கண்ணைக் கூசச் செய்தது. போதாக்குறைக்கு, அகலக் காட்சி தரும் 16 மில்லிமீட்டர் லென்ஸை அண்ணாந்து பிடித்ததால் கட்டடம் மல்லாந்து விழுவதுபோல் பதிவாகியிருந்தது.

பிழை எங்கே என்பது நகர வரைபடத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. நகரத் திட்டமிடலாளர் செர்தா 1859இல் வகுத்த திட்டத்தின்படி எழுந்த எஷாம்ப்லா பகுதியின் வீதிகள், திசைகளுக்கு நேராக ஓடாமல் ஏறத்தாழ 45 பாகை திரும்பியிருக்கின்றன. ஆகவே எந்த முகப்புக்கும் நாளில் ஏதேனும் ஒரு பொழுதில் வெயில் உண்டு. வடகிழக்கு நோக்கிய காசா பட்லோவுக்குக் காலைப் பொழுது. அதே சாலையின் எதிர்வரிசையில், 1906 முதல் 1912 வரை கட்டப்பட்ட காசா மிலாவுக்கு மாலைப் பொழுது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, எதிர்ப்புற நடைபாதையில் இரண்டு மரங்களுக்கு இடையே இடம் பிடித்து, தொலைவை நெருக்கிக் காட்டும் 85 மில்லிமீட்டர் லென்ஸால் முகப்பைத் துண்டு துண்டாக எடுத்தேன். சாய்வாக விழுந்த வெயிலில் சுவரில் பதித்த கண்ணாடிச் சில்லுகள் தனித்தனியே மின்னின. எலும்புகளை ஒத்த தூண்களின் புடைப்பு, அவற்றின் நிழலாலேயே உருவம் பெற்றது. முழுக் கட்டடத்தையும் ஒரே சட்டத்தில் அடைக்கும் ஆசையை விட்டதுதான் இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றம் என்று நினைக்கிறேன்.

காசா மிலாவில் அந்தச் சிக்கல் இல்லை. தெருமுனைகளைக் கூராக விடாமல் செர்தா வெட்டிவிட்டிருப்பதால், எதிர்மூலைக்குப் போனால் பின்வாங்கி நிற்கப் போதிய இடம் இருக்கிறது. கேமராவை நிமிர்த்தாமலே அலையலையான கல் முகப்பு முழுவதும் அடங்கியது.

பழைய கோதிக் பகுதியின் சந்துகளில் மேலே வானம் வெளுத்தும் கீழே தரை இருண்டும் போவதால், வெளிச்ச அளவை மாற்றி மூன்று படங்கள் எடுத்து இணைத்தேன். சான்ட் ஃபெலிப் நேரி சதுக்கத்தில் அதுவும் போதவில்லை. ஸ்பானிய உள்நாட்டுப் போரின்போது, 1938 ஜனவரி 30 அன்று இத்தாலிய விமானங்கள் வீசிய குண்டுகளால் அங்கே 42 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். தேவாலயச் சுவரில் குண்டுச் சிதறல்கள் பறித்த குழிகள் இன்றும் இருக்கின்றன. மேகமூட்டத்தில் எடுத்தபோது அவை வெறும் கறைகளாகவே தெரிந்தன. நான்காம் நாள் சுவரை ஒட்டி வெயில் வழிந்தபோது, விரல் நுழையும் ஆழம் படத்திலேயே புலப்பட்டது. அதற்குச் சற்று முன்வரை பிள்ளைகள் அந்தச் சுவரருகே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கலைந்து போகும்வரை கேமராவை எடுக்காமல் காத்திருந்தேன்.