வாங்குவதானால் முதலில் கேடன்ஸ் சென்சார்

எங்கள் சைக்கிள் குழுவுக்குப் புதிதாக வருகிற எவராவது அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணா, ஸ்பீடு சென்சார் வாங்கவா, கேடன்ஸ் வாங்கவா, இல்லை ரெண்டும் சேர்ந்த செட்டா?" சாலையில் மட்டும் ஓட்டுபவர் என்றால் கேடன்ஸ், அதாவது பெடல் சுற்றும் வேகத்தை அளக்கும் சென்சார், போதும். ஈசிஆர் மாதிரி வெட்டவெளியில் வேகத்தை ஜிபிஎஸ்ஸே நன்றாகச் சொல்லிவிடும். நிமிடத்துக்கு எத்தனை சுற்று பெடல் போடுகிறீர்கள் என்பது எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

அந்த எண் எதற்கு என்பவர்கள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒருமுறை ஏறிப் பார்க்கலாம். செயின் ஓடும் பல்சக்கரங்களில் முன்னால் 34 பல், பின்னால் 28 பல், வேகம் மணிக்கு 8 கி.மீ. என்றால் கேடன்ஸ் 52-தான். மூச்சு வாங்காததால் நன்றாகத்தான் ஏறுகிறோம் என்று தோன்றும், ஆனால் பாரம் முழுக்க முட்டியில் இறங்கிக்கொண்டிருக்கும், மறுநாள் மாடிப்படி இறங்கும்போதுதான் தெரியும். பின்னால் 32 பல் போட்டால் அதே வேகத்தில் கேடன்ஸ் 60 ஆகிவிடும். சமதளத்தில் பலருக்கும் 80 முதல் 95 வரை வசதியாக இருக்கும், ஆனால் 90 என்பது ஏதோ வேதவாக்கு மாதிரி பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஸ்பீடு சென்சார் வீண் என்று சொல்லவில்லை. மரங்கள் அடர்ந்த மலைப்பாதையில் மெதுவாக ஏறும்போது ஜிபிஎஸ் வேகம் கன்னாபின்னாவென்று தாவும், அங்கே இது கைகொடுக்கும். வீட்டுக்குள் சாதாரண டிரெய்னரில் (வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓட்ட உதவும் ஸ்டாண்டில்) ஓட்டி, பின்சக்கர வேகத்திலிருந்து ஸ்விஃப்ட் (Zwift) செயலி நம் பவரைக் கணக்கிடட்டும் என்றால் இது கட்டாயம். அதைப் பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் மாட்டுங்கள், டிரெய்னரில் முன்சக்கரம் சுற்றாது!

முன்பெல்லாம் ஸ்போக்கில் ஒரு காந்தம், ஃபோர்க்கில் ஒரு சென்சார், இரண்டுக்கும் இடைவெளி கொஞ்சம் நகர்ந்தாலும் திரையில் பூஜ்யம். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் காந்தம் கிடையாது, சென்சாருக்குள் இருக்கும் மின்னணு சிப்பே சுற்றுவதை உணர்ந்துகொள்ளும். ஸ்பீடு சென்சாரை ரப்பர் பட்டையால் ஹப்பில் கட்டுகிறோம், கேடன்ஸ் சென்சார் இடது கிராங்கின் (பெடலைத் தாங்கும் கையின்) உட்பக்கம். வாங்கும் முன் கிராங்குக்கும் ஃபிரேமுக்கும் நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள், சில வண்டிகளில் உரசும். மேஜீன், கூஸ்போ மாதிரி நிறுவனங்களின் விலை குறைந்த மாடல்கள் சிலவற்றில் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் ஸ்பீடு கேடன்ஸாக மாறும், விளக்கின் நிறத்தை வைத்து எந்த முறையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரே நேரத்தில் இரண்டையும் செய்யாது. அட்டைப்பெட்டியில் "ஸ்பீடு/கேடன்ஸ்" என்று போட்டிருப்பதை நம்பி ஒன்று மட்டும் வாங்கிவிட்டு கடைக்காரரோடு சண்டை போட்டவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் இணைப்பு. சென்சார் கம்பியில்லாமல் தகவல் அனுப்ப இரண்டு வழிகள்: ஆன்ட் பிளஸ் (ANT+), ப்ளூடூத். ஆன்ட் பிளஸ் வானொலி மாதிரி, எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் ஒரே சமயத்தில் கேட்கலாம். ப்ளூடூத்தில் பல சென்சார்கள் ஒரு கருவியோடு மட்டும்தான் பேசும், புதியவை சில இரண்டு மூன்றோடு பேசும். ஹேண்டில்பாரில் மாட்டும் சைக்கிள் கம்ப்யூட்டரில் சென்சார் வரவில்லை என்றால் பாக்கெட்டில் இருக்கும் போனில் ஏதோ ஒரு செயலி அதை முன்பே பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஐபோனில் ஆன்ட் பிளஸ் இல்லை, ப்ளூடூத்தும் உள்ள சென்சாராக வாங்குங்கள். இணைப்பதை போனின் செட்டிங்ஸில் செய்யாமல் செயலிக்குள்ளேயே செய்யுங்கள்.

ஸ்பீடு சென்சார் மாட்டினால் சக்கரத்தின் சுற்றளவைச் சரியாகக் கொடுக்க வேண்டும். 23 மி.மீ. அகலமான 700x23 டயருக்கான 2096 மி.மீ. அப்படியே இருக்க, 28 மி.மீ. அகல டயர் (சுற்றளவு 2136) போட்டு ஓட்டினால் 100 கி.மீ. போனாலும் திரையில் 98 சொச்சம்தான் வரும். டயரில் வழக்கமான காற்றழுத்தம் வைத்து, வால்வு தரையைப் பார்க்கிற இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு, வண்டியில் உட்கார்ந்தபடி ஒரு முழுச் சுற்று உருட்டி இன்னொரு கோடு, நடுவே டேப் வைத்து அளந்தால் தீர்ந்தது.

பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032, பெட்டிக்கடையில்கூடக் கிடைக்கும். மழையில் ஓட்டுகிறவர்கள் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் நெளியாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து மூடுங்கள். சராசரி கேடன்ஸ் பரிதாபமாக வந்தால் கம்ப்யூட்டர் செட்டிங்ஸில் பூஜ்யங்களைச் சேர்க்காதே என்று மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பெடல் போடாமல் இறக்கத்தில் உருண்ட நேரமெல்லாம் அந்தக் கணக்கில் சேரும்.